பின்னால் வண்டி இல்லை

ஊரில் அவளைப் பால்வண்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் செத்த பிறகு அவனுடைய டேங்கரை விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "வண்டி சோறு போடும், நீங்க போடுவீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்தவள். கிராமம் கிராமமாகப் பால் எடுத்து நகரத்தில் கொண்டுபோய் இறக்குவாள். சண்டை தொடங்கியதும் ராணுவம் அந்த டேங்கரைக் கேட்டு வந்தது. அதன் கியர் வேறு யார் கைக்கும் மசியவில்லை. வண்டியோடு அவளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். தொட்டியைக் கழுவி டீசல் நிரப்பினார்கள்.

ஆரம்பத்தில் அவளுக்குப் பெரிய பயமில்லை. காலையில் டிப்போவில் நிரப்பி, எல்லைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடுவாள். அவளுடைய தம்பி அங்கேதான் பீரங்கி வண்டிகளுக்கு மெக்கானிக். டேங்கரைக் கண்டதும் கிரீஸ் கையோடு ஓடி வருவான்.

பிறகு படை முன்னேறத் தொடங்கியது. ரேடியோவில் ஊர் ஊராகப் பிடிபட்டது. தெருவே துள்ளிக் குதித்தது. அவள் மட்டும் தூரத்தைக் கணக்குப் போட்டாள். ஓர் ஊர் பிடிபட்டால் அவள் ஓட்ட வேண்டிய சாலையும் அந்த அளவுக்கு நீண்டது. சுமந்து போகும் டீசலையே வண்டி வழியெல்லாம் குடித்தது. டயர் வெடித்த லாரிகள் சாலையோரம் அப்படியே கிடந்தன. டயர் கொண்டுவர வேண்டிய லாரியும் அவற்றில் ஒன்று. கிராமங்களில் பாலை எடுக்க வண்டியில்லாமல் சாக்கடையில் கொட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள்.

"இன்னும் ஒரு ஆறுதான்க்கா. அதைத் தாண்டிட்டா சண்டை முடிஞ்ச மாதிரி," என்றான் தம்பி.

"போறதுக்கு நான் ஊத்தறேன். திரும்பி வரணும்னா யாருடா ஊத்துவா?"

"நீ ஏன் திரும்பறதப் பத்தியே பேசற?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த முறை டிப்போவில் மூன்று டேங்கர்களுக்குத்தான் டீசல் இருந்தது. அங்கிருந்த அதிகாரி அவளைத் தனியாக அழைத்தார். "அங்க கேட்டா, பின்னாடி இன்னும் வண்டி வருதுன்னு சொல்லிடுங்கம்மா."

"வருதா சார்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எண்ணெய்க் கப்பல் வந்தாத்தான் வரும். விக்கிறவங்க இனிமே கடனுக்குத் தர மாட்டாங்களாம். பசங்க மனசு விட்டுடக் கூடாது, அதுக்காகச் சொல்றேன்."

வழி நெடுக அந்தப் பொய்யை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். மலையேற்றத்தில் ஒரு டேங்கரின் எஞ்சின் நின்றுபோனது. இன்னொன்றின் டிரைவர், இப்போது திரும்பாவிட்டால் திரும்பவே டீசல் இருக்காது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவள் மட்டும் ஆற்றங்கரை போய்ச் சேர்ந்தாள்.

அங்கே எஞ்சின் சத்தமே இல்லை. ஒரு பக்கம் பீரங்கி வண்டிகள் வரிசையாக நின்றன. மறு பக்கம் லாரிகள். உள்ளே அடிபட்டவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் தூக்கமில்லாத கண்களோடு வந்தார். தம்பி அவர் பின்னால் நின்றான்.

"உங்களுக்குப் பின்னாடி வண்டி வருதாம்மா? வருதுன்னா இதைப் பீரங்கி வண்டிக்கு ஊத்தி இப்பவே ஆத்தத் தாண்டிடுவோம். இல்லைன்னா லாரிங்களுக்கு ஊத்திட்டு நாங்க நடந்துதான் திரும்பணும்."

தம்பியின் கண்கள் அவளிடம் கெஞ்சின. ஆமாம் என்று சொல்லேன் என்றன. அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வருதுன்னு சொல்லச் சொன்னாங்க. ஆனா வரலைங்க. பின்னாடி யாருமே இல்ல."

டீசலை லாரிகளுக்கு ஊற்றச் சொல்லிக் கேப்டன் உத்தரவு கொடுத்தார். எதிரி கைக்குப் போகக் கூடாதென்று, தான் பார்த்துப் பார்த்து ஓடவைத்த எஞ்சின்களில் தம்பியே மண்ணை அள்ளிப் போட்டான். அவளைக் கடக்கும்போது, "சொல்லாம இருந்திருக்கலாம்," என்றான். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

லாரிகள் ஊர் வந்து சேர்ந்தன. நடந்தவர்களும் கால் வீங்கி வந்து சேர்ந்தார்கள். வதந்தி பரப்பியதாகச் சொல்லி அவளைக் காவலில் வைத்தார்கள். விசாரணைக்குக் கேப்டன் வந்தார். "கேட்டவன் நான். அவங்க பொய் சொல்லியிருந்தா இப்ப சாட்சி சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்," என்றார். அவளை விட்டுவிட்டார்கள், டேங்கரைத் திருப்பித் தரவில்லை. ஒப்பந்தம் ஆனபோது எல்லை பழைய இடத்துக்கே வந்து நின்றது.

இப்போது அவள் டவுன் பஸ் ஓட்டுகிறாள். தம்பி பேசாமல் இருந்தது ரொம்ப காலம். தன் கல்யாணத்துக்குப் பிறகுதான் வீட்டுப் பக்கம் வந்தான். இன்றைக்கும் சாப்பிட்டுக் கை கழுவும்போது சில நாள் சொல்வான்: "தாண்டியிருந்தா ஜெயிச்சிருப்போம்க்கா."

"இருக்கும்டா," என்பாள். அப்படியும் நடந்திருக்குமோ என்ற கலக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை. அவன் பிள்ளைகள் இரண்டும் அவள் முதுகில் ஏறி விளையாடிக்கொண்டிருக்கும். அவர்களைக் காட்டி அவள் ஒருநாளும் அவனிடம் வாதாடியதில்லை.