விரதம் இருந்த பொமரேனியன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எதிர்வீட்டு சரோஜா அக்கா குளித்து முழுகி, கையில் குங்குமச் சிமிழோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் குனிந்து நெற்றியில் பொட்டு வைத்தார்.

எனக்கு இல்லை. எங்கள் நாய்க்கு!

"எம்மா, உங்க புஜ்ஜி சாதாரண நாய் இல்லம்மா. ஒரு வாரமா வாயே தொறக்கலியே... போன ஜென்மத்துல மலை மேல முருகனுக்குச் சேவை செஞ்ச ஆத்மா அது!"

புஜ்ஜி ஒரு பொமரேனியன். மூன்று கிலோ. அதில் பாதி முடி. போன ஜென்மத்தில் அது மலை மேல் என்ன செய்ததோ எனக்குத் தெரியாது. இந்த ஜென்மத்தில் அது செய்வதெல்லாம் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் திரும்பிக்கொள்வதைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நைனா — எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் — ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தார். திருத்தணியில் ஒருவர் மாலை போட்டால் வீடே மாலை போட்ட மாதிரி. கறி, மீன், முட்டை எல்லாம் வெளியே. பாத்திரங்கள் புளி போட்டுத் தேய்க்கப்படும். வீட்டுக்காரரை வீட்டுக்காரி "சாமி" என்று கூப்பிடுவார். இதில் எதிலும் எனக்குக் குறை இல்லை.

ஆனால் அம்மா ஒரு படி மேலே போனார். புஜ்ஜியின் தீனிப் பாக்கெட்டின் மேல் கோழிப் படம் போட்டிருந்தது. "படம் கூட வூட்டுக்குள்ள இருக்கக் கூடாது" என்று அதையும் தூக்கித் தெருநாய்களுக்குப் போட்டுவிட்டார். தெருநாய்களுக்கு அன்றைக்குத்தான் கிருத்திகை.

அதுவரை புஜ்ஜி எப்படிச் சாப்பிட்டது? காலையில் பாதி அவித்த முட்டை. சாயங்காலம் வேகவைத்த கோழி ஈரல், கொஞ்சம் சோற்றோடு பிசைந்து. அதுவும் நைனா கையால் ஊட்டினால் மட்டும். அந்தப் பாக்கெட் தீனியெல்லாம் சும்மா இடையில் கொறிக்க. மாலை போட்ட நைனா ஈரலைத் தொட மாட்டார். ஆகவே, நாயின் உணவுத் துறை என் கைக்கு வந்தது.

நான் சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன், வீட்டிலிருந்தபடியே. உலகத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் லேப்டாப்பில் எக்செல் கட்டம் போடுவது எங்கள் இனத்தின் வழக்கம். போட்டேன். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, உருண்டையின் அளவு, ஆன்லைனில் எத்தனை நட்சத்திரம்... மொத்தம் பதினொரு கட்டம். நட்சத்திரம் போட்டவர்கள் யாரும் நாய்கள் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆன்லைனில் சைவ நாய்த் தீனி கிடைக்கிறது, தெரியுமா? பூசணிக்காயும் பயறும் போட்டது. பாக்கெட்டின் மேல் ஒரு நாய் சிரித்துக்கொண்டிருக்கும். முதல் பாக்கெட்டை புஜ்ஜி முகர்ந்தது. இரண்டாவதை முகரவும் இல்லை. மூன்றாவதைத் தட்டோடு கவிழ்த்தது. அப்புறம் பனீர், மீல் மேக்கர், தயிர் சாதம், கேழ்வரகுக் கூழ். ஒவ்வொன்றுக்கும் "நிராகரிப்பு" என்று பதிந்து, சிவப்பு வண்ணமும் அடித்து வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அழகாக இல்லாதது ஒன்றே ஒன்று... நாயின் எடை. நான் மட்டும் எடை மெஷினில் ஏறி, பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்துப் பார்ப்பேன். மூன்று கிலோ, இரண்டே முக்காலாகி, இரண்டரையும் ஆகிவிட்டது. தூக்கினால் முடி மட்டும்தான் கையில் வந்தது.

"பசிச்சா தானா துன்னும், வுடு" என்றார்கள் தெருவில். தெருவின் மருத்துவ ஞானம் எப்போதும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

இதற்குள் அம்மா வேறு, யாரோ கேட்டதற்கு, "எங்க புஜ்ஜியும் சாமியோட சேர்ந்து விரதம் இருக்குதுங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சரோஜா அக்கா அதைத் தெரு முழுக்கக் கொண்டு சேர்த்தார். பள்ளிப்பட்டிலிருந்து வந்த அவருடைய நாத்தனார், நாயோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். நான் சாயங்காலம் பஜ்ஜி சாப்பிட்டால், "வாயில்லாத ஜீவனுக்கு இருக்கற கட்டுப்பாடு இன்ஜினியருக்கு இல்ல" என்று அம்மா பெருமூச்சு விடுவார்.

பசியில் வாடும் நாயைப் பக்தியில் வாடுவதாக நினைப்பது எவ்வளவு வசதி பாருங்கள். யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கும்பிட்டால் போதும்.

குங்குமம் வைத்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், புஜ்ஜி எழுந்து நிற்கப் பார்த்தது. பின்னங்கால் இரண்டும் நிற்கவில்லை. அப்படியே உட்கார்ந்தது, பிறகு சாய்ந்தது. கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது.

நைனா வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் ஏதோ பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டிக்கொண்டிருந்தார். அதுதான் அவர் தொழில். நான் கத்தியதும் போட்டது போட்டபடி வண்டியை எடுத்தார். துண்டில் சுற்றிய நாயோடு நான் பின்னால் உட்கார, அரக்கோணத்தில் இருக்கும் நாய் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் அம்மா ஈறைப் பார்த்தார், ஊசி போட்டார், குளுகோஸ் ஏற்றினார். "இத்தனை நாளா என்ன குடுத்தீங்க?" என்றார்.

பெருமையோடு போனை நீட்டினேன். பதினொரு கட்டத்தையும் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"பிரமாதமா பண்ணியிருக்கீங்க. இதுல நாய் எதைச் சாப்பிட்டுச்சுன்னு எங்க போட்டிருக்கீங்க?"

"அது... அப்படி எதுவும் இல்ல மேடம்."

"இது சின்ன நாய்ம்மா. பெரிய நாய் மாதிரி நாலு நாள் பட்டினி கிடந்துட்டு எழுந்து ஓடாது. சுகர் இறங்கிடும். இன்னும் ஒரு நாள் இப்படிப் போச்சுன்னா, நான் எதுக்கும் உறுதி சொல்ல முடியாது." பேனாவை மூடினார். "சாப்பாடு மாத்தணும்னா பழசோட கொஞ்சம் கொஞ்சமா புதுசைக் கலந்து மாத்துங்க. ஒரே நாள்ல சாமியார் ஆக்காதீங்க. முன்னாடி என்ன சாப்பிடும்?"

"ஈரல்."

"யார் ஊட்டுவாங்க?"

நான் நைனாவைப் பார்த்தேன். நைனா தன் கழுத்து மாலையைப் பார்த்தார்.

"இன்னைக்கு ராத்திரிக்குள்ள பழகினதைக் குடுங்க. பழகின கையால குடுங்க" என்றார் டாக்டர். அந்த அம்மாவுக்குக் கட்டமே தேவைப்படவில்லை.

திரும்பும்போது, திருத்தணி கடைத்தெருவில் பாஷா பாயின் கோழிக்கடை எதிரே வண்டி நின்றது. ஆடிச் செவ்வாய். இவரோ மஞ்சள் வேட்டி, நெற்றியில் பட்டை, கழுத்தில் மாலை. எதிரே டீக்கடை முழுக்கத் தெரிந்த முகங்கள்.

"நைனா, நீங்க வண்டியிலயே இருங்க. நான் வாங்கினு வரேன்."

"நீ வாங்கினு வருவே. ஊட்டறது யாரு? என் கையில தான துன்னும்?"

"அதுக்கில்ல... மாலையோட போய்..."

"மாலை போட்டது நானு. பட்டினி கெடந்தது அது. இதுல இன்னா நாயம் கீது, சொல்லு?"

இறங்கிப் போனார். ஆடிச் செவ்வாயில் வியாபாரமே இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பாஷா பாய் துள்ளி எழுந்தார்.

"சாமி... இன்னா, வழி மாறி வந்துட்டீங்களா?"

"நூறு கிராம் ஈரல் குடு பாய்."

பாய் மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த மூக்கைப் பார்த்தார்.

"அதுக்கா?"

"ஆங்."

பாய் குரலைத் தாழ்த்தினார். "கறுப்பு கவர்ல ரெண்டு சுத்து சுத்தித் தரேன் சாமி. யாருக்கும் தெரியாது."

"எதுக்கு? மேல ஒக்காந்துகினு இருக்கறவருக்கு உன் கவரைத் தாண்டித் தெரியாதா? வெள்ளை கவர்லயே குடு."

"கறிக்கடையில எவன் சாமி வெள்ளை கவர் கேப்பான்? இருக்கறது இதான்!"

டீக்கடையில் டம்ளர்கள் அப்படியே நின்றன. இரண்டு போன்கள் மேலே எழுந்ததை நானே பார்த்தேன். திருத்தணியில் நெட்வொர்க் சரியில்லை என்று புலம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன் — நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கேட்டிலேயே சரோஜா அக்கா.

"சாமி, நீங்களா? கறிக்கடையிலயா? இன்னிக்கா?"

நைனா நேராக ஷெட்டுப் பக்கம் நடந்தார். ஈரல் வீட்டுக்குள் போகவில்லை. ஷெட் வாசலில் மூன்று செங்கல் வைத்து, பழைய அலுமினியச் சட்டியில் வேகவைத்தார். அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. ஆனால், கேட்காமலேயே தீப்பெட்டி மட்டும் உள்ளேயிருந்து பறந்து வந்தது.

ஒரு ஈரல் துண்டை ஆற்றி, பிய்த்து, நீட்டினார். புஜ்ஜி முகர்ந்தது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

 

நைனா தன் கையை முகர்ந்து பார்த்தார். திருநீறும் சந்தனமும் மணந்திருக்க வேண்டும். எழுந்து போய்க் குழாயைத் திறந்து, முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வந்து மறுபடி தரையில் உட்கார்ந்தார்.

"துன்னு தாயி."

நாக்கு நீண்டது. விரலை நக்கியது. அப்புறம் துண்டை வாங்கியது. இன்னொன்று. இன்னொன்று. நான்காவதற்கு அவர் கையைத் தன் முன்னங்காலால் இழுத்தது.

சரோஜா அக்காவால் தாங்க முடியவில்லை. "அப்ப அது இருந்த விரதம்...?"

"ஏங்க்கா, நாய்க்கு யாரு மாலை போட்டாங்க?" என்றார் அம்மா, படியில் நின்றபடி. "வந்து குங்குமத்தை நீங்களே தொடச்சி வுடுங்க, கண்ணுல வுழுது."

காலையில் விரதம் இருந்த நாய், சாயங்காலம் வெறும் நாயானது. இதைச் செய்ய அம்மாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நைனா தலைக்கு ஊற்றிக்கொண்டு, இருட்டுவதற்குள் அத்தனை படியும் ஏறி மலைக்குப் போய்விட்டு வந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஊர் கேட்டது. அவரோடு மாலை போட்ட இரண்டு பேர், அன்றைய பஜனையில் அவர் பக்கத்தில் உட்காரவில்லையாம். விரதம் முறிந்ததா இல்லையா என்று டீக்கடையில் விடிய விடியப் பேசத் தயாராக இருந்தார்கள். நாய் பிழைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, வாங்கிய நூறு கிராமும் தீர்ந்துவிட்டது. நான் செருப்பை மாட்டினேன். "இன்னைக்காவது நான் போறேன் நைனா. ஊட்டறதுக்கு மட்டும் நீங்க வாங்க."

"எதுக்கு? நேத்து போனவன் இன்னிக்குப் பயந்துட்டான்னு சொல்றதுக்கா?"

வண்டியைக்கூட எடுக்கவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு, டீக்கடை முன்னால், நடுத்தெருவில் நிதானமாக நடந்து போனார்.

முதல் நாள் அவர் கோழிக்கடைக்குப் போனது அவசரம். மறுநாள் போனார் பாருங்கள்... என்னைக் கேட்டால், அதுதான் விரதம்.