என் வயிற்றில் இருந்த ராணி

சித்திக்குத் தன் சம்பளத்தில் ஒரு நல்ல புடவை வாங்கத் தெரியாது என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். பாடியில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்த சித்தி வாங்கியதெல்லாம் இங்கிலாந்தின் பழைய வெள்ளிக் காசுகள். கரையான்சாவடியில் வெள்ளி உருக்கும் பத்தர் ஒருவர், அப்படி ஏதாவது கையில் சிக்கினால் அடுப்பில் போடாமல் அவளுக்காக எடுத்துவைப்பார். மொத்தம் ஏழு காசுகள், ஒரு ஜாமெட்ரி பாக்ஸில் பஞ்சுக்கு நடுவே படுத்திருந்தன. அதில் ஓர் ஆறு பென்னிக் காசுதான் அவளுக்கு உயிர். சுத்தியலால் அடித்துச் செய்தது என்பதால் வட்டம்கூடச் சரியாக இருக்காது. அந்தக் காலத்து ராணி ஒருத்தி, அவள் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாப்பூ.

"நானூறு வருசம்டி. ஓரத்தப் புடி, மூஞ்சில கை வெக்காத" என்பாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு; சித்தியும் எங்களோடுதான் இருந்தாள். தண்டவாளத்தில் காசு வைத்து ரயில் ஏறினால் அது காந்தமாகிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். அலுமினியப் பத்து பைசாவை வைத்துப் பார்த்தோம், ஆகவில்லை. "வெள்ளின்னா கண்டிப்பா ஆவும்" என்றான். சித்தி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ராணியை எடுத்துக்கொண்டு போனேன். ரயில் போனபின் பார்த்தால் ராணியும் இல்லை, ரோஜாவும் இல்லை; சருகு மாதிரி ஒரு தகடு. அது ஒரு குண்டூசியைக்கூட இழுக்கவில்லை. பயத்தில் அதைக் கருவேலம் புதருக்குள் வீசிவிட்டேன்.

தண்டவாளப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் சாயங்காலம் சித்தி பெட்டியைத் திறந்து அலறியபோது, "வாய்ல வெச்சினு இருந்தேன், முழுங்கிட்டேன்" என்றேன்.

அப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் வைத்து, சித்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மூச்சிரைக்க மிதித்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்பா வாழைப்பழம் வாங்கப் போயிருந்தபோது டாக்டர் சித்தியை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவள் படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எலும்புகளைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நெசமாவே முழுங்கினியாடி?"

தலையாட்டினேன். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா ஓடிவந்து, "இன்னா சொன்னாரு?" என்றார்.

"உள்ளதான் கீது மாமா. தானா வந்துடுமாம்."

சித்திக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் வாழைப்பழமும் கஞ்சியும். அப்பா சரியாகச் சாப்பிடவே இல்லை. மூன்றாம் நாள் காலை சித்தி பின்பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "வந்துடுச்சி மாமா!" என்றாள்.

"எங்க, காட்டு."

"சீ! அத இன்னாத்துக்குப் பாத்துகினு? கழுவி உள்ள வெச்சிட்டேன்."

அப்பா என்னைத் தூக்கிக் கொஞ்சினார். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பினாள்.

எனக்குத்தான் அதிர்ச்சி. அப்பாவிடமே இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாளே என்று ஒரு வாரம் சித்தியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. தினமும் எனக்குத் தலை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.