நின்றால் அணைந்துவிடும் வண்டி

வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரியவரைத் திருப்பதியில் அவர் வீட்டில் விட வேண்டும். அன்றைய சவாரி அதுதான். பின்சீட்டில் அவர் மூக்கில் குழாயுடன் சாய்ந்திருந்தார். குழாயின் மறுமுனை அவர் மனைவியின் மடியில் இருந்த ஆக்சிஜன் மெஷினில். அதற்கென்று ஒரு பேட்டரி உண்டு, ஆனால் அது நெடுநேரம் தாங்காது. காரின் சிகரெட் லைட்டர் துளையில் வயரைச் செருகி, அதிலிருந்து கரெண்ட் எடுத்துக்கொண்டே போக வேண்டும். வண்டி அணைந்தால் மெஷின் தன் பேட்டரியைத் தின்னும். அதுவும் தீர்ந்தால் அவருக்கு மூச்சுக்கு வழி இல்லை.

வண்டியோ நின்றால் அணைகிற வண்டி. முதலாளியின் பழைய பெட்ரோல் கார். ஓடும்வரை குறையில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இஞ்சின் சும்மா ஓடும் வேகம், ஐட்லிங், இறங்கும், ஸ்டீயரிங் நடுங்கும், பொசுக்கென்று நின்றுவிடும். முதலாளியிடம் சொன்னபோது, "ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏத்திவிடு" என்றார். ஏற்றி ஏற்றி, அதற்கு மேல் திரும்ப இடமில்லாமல் போயிருந்தது.

குடிபாலாவுக்கு முன்னால் ரோடு வேலை. ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே காலில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் எவ்வளவு நேரம் மிதிப்பது? வண்டி அணைந்தது. சாவியைத் திருகினேன், கிளம்பியது. மறுபடி அணைந்தது. இந்த முறை ஸ்டார்ட்டர் முனகி முனகிச் சுற்றித்தான் கிளம்பியது. கார் பேட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மெஷின் 'கீ' என்று கத்தியது.

"ஏம்ப்பா, ரெண்டு கோடுதான் காட்றது. ஆத்துக்குப் போற வரைக்கும் போறுமா?" என்றார் மாமி.

"போதும் மாமி. நீங்க மெஷினைப் பார்த்துக்கினே இருங்க."

பெரியவர் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தவராம். இப்போது நான்கு சொல் சேர்ந்தாற்போல் வரவில்லை. "உன் வண்டிக்கும்... எனக்கும்... ஒரே வியாதிடா" என்றார்.

"பேசாதேங்கோன்னா!"

சித்தூருக்குள் நுழைந்தால் சிக்னல், ஆட்டோ, மார்க்கெட் கூட்டம். இன்னொரு முறை நின்றால் கிளம்பாது என்று ஸ்டார்ட்டரின் சத்தமே சொல்லிவிட்டது. ரோடு இறக்கமாகத் தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அங்கே ஓரங்கட்டினேன். தள்ள வேண்டி வந்தால் இறக்கம் உதவும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே, மெஷினைச் சுவர் பிளக்கில் செருகலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கரெண்ட்டா? காலைலயே போச்சு நைனா. லைன் வேலை செஞ்சிக்கினு கீறாங்க. சாயங்காலம்தான் வரும்" என்றவர், காரையும் உள்ளே இருந்தவரையும் பார்த்தார். "இந்த வண்டியை நம்பியா திருப்பதிக்குப் பொறப்பட்ட? உனக்கு ஒரு கும்பிடு!"

முதலாளிக்குப் போன் போட்டேன். வேறு வண்டி அனுப்ப நேரமாகும் என்றார். மாமி மெஷினின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரரை ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கச் சொல்லி, பானட்டைத் திறந்து, ஆக்சிலரேட்டர் கேபிளை ஒரு கையால் இழுத்துப் பிடித்து வண்டியை அணையாமல் வைத்துக்கொண்டேன். நான் எட்டாவதோடு நின்றவன். வெல்டிங் பட்டறை, லாரி, மெக்கானிக் ஷெட் என்று ஊர் ஊராகத் திரிந்ததில் ஒட்டியதுதான் என் படிப்பு. ரப்பர் பைப்புகளை ஒவ்வொன்றாக நசுக்கினேன். சத்தம் மாறவில்லை, அப்படியானால் காற்று எங்கும் ஒழுகவில்லை. பிறகு இஞ்சினுக்குக் காற்று போகும் பெரிய பைப்பைக் கழற்றினேன். அது மாட்டியிருந்த இஞ்சின் வாயின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை உண்டு. காலை எடுத்த பிறகு வண்டி அந்தத் துளைக் காற்றில்தான் உயிரோடு இருக்கும். அதை விரலால் மூடினேன். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே அடைத்திருக்கிறது.

விரலில் பழுப்பாக ஒரு பிசின் ஒட்டியது. முகர்ந்தேன். சாம்பிராணி.

வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி வண்டிக்குப் பூஜை போடுவார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி வைத்துவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, தூபக்காலை அந்தத் திறந்த வாயருகே பிடிப்பார். "அதான்யா வண்டிக்கு மூக்கு, நல்லா இழுக்கட்டும்" என்பார். வண்டியும் நன்றாகத்தான் இழுத்திருந்தது.

கழுவப் பெட்ரோல் வேண்டும், வண்டியை அணைக்கவும் வேண்டும். பெட்ரோலும் ஆக்சிஜனும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெரியவரை மெஷினோடு தாங்கிப்போய்த் தூரத்துப் புளியமரத்தடியில், கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, தன் பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வந்தார்.

சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன்.

துணியை நனைத்து, வாய்க்குள் காற்றைத் திறந்து மூடும் தகட்டைத் துடைத்தேன். விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துத் துளையைக் குடைந்தேன். ஈர்க்கு முறிந்தது. இன்னொன்று. பிசின் திரிதிரியாக வந்தது.

"ஒரு கோடு!" என்று மரத்தடியிலிருந்து மாமி கத்தினார். "சீக்கிரம்ப்பா!"

பைப்பை மாட்டிச் சாவியைத் திருகினேன். டிக், டிக். அவ்வளவுதான். கடைக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். பெஞ்சை விட்டு ஓடிவந்து மாமியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார். இறக்கத்தில் வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பற்றிக்கொண்டது. பற்றியதும் அலறியது. அடைத்த துளை திறந்துவிட்டது, ஸ்க்ரூவோ உச்சத்தில் இருந்தது. ரிவர்சில் மேலே ஏறி வந்தபோது மெஷின் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. வண்டி அலறட்டும் என்று விட்டுவிட்டு முதலில் அவரை ஏற்றி வயரைச் செருகினேன்.

கத்தல் நின்றது. அதன் பிறகுதான் போய் ஸ்க்ரூவை இறக்கினேன். சத்தம் தணிந்து, ஒரே சீராக நின்றது.

சித்தூரில் முதல் சிக்னலே சிவப்பு. பிரேக்கை மிதித்து நின்றேன்.

"ஆக்சிலரேட்டர்லேந்து கால எடுத்துட்டியா?" என்றார் மாமி.

"எடுத்துட்டேன் மாமி."

அவர் மெஷினைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பெரியவரின் மார்பில் கை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சை விழுந்து, பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தெலுங்கில் திட்டும்வரை நானும் கண்ணாடியில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.