போகாத கறுப்பு

என் மகளின் கழுத்தை இரண்டு வருடம் தேய்த்தேன். ஒன்பதாம் வகுப்புச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போன அன்று அது ஆரம்பித்தது. திருவேற்காட்டில் எங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அம்மாள், டேப்பை அவள் கழுத்தில் போட்டதும் கையை எடுத்துவிட்டாள்.

"இன்னா பாப்பா, கழுத்துல இவ்ளோ அழுக்கு கீது? நல்லா தேச்சிக் குளிக்க மாட்டியா?"

கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு மானமே போயிற்று. மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளைக் குளியலறையில் உட்கார வைத்துத் தேய்ப்பேன். பயத்தமாவு, எலுமிச்சம்பழம், தயிர், பீர்க்கங்காய் நார் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தோல் சிவந்து எரியும், கறுப்பு மட்டும் அப்படியே இருக்கும். "இவ்ளோ பெரிய பொண்ணுக்குக் குளிக்கத் தெரியலையா?" என்று கத்துவேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சீருடையையும் வருடத்துக்கு இரண்டு முறை தையல் பிரித்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. நானும் ஒன்றும் ஒல்லி இல்லை. வயசுப் பெண் பூசினாற்போல் இருக்கட்டுமே என்று அதை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. என்ன புத்தியோ!

பதினொன்றாம் வகுப்பில் நான்கு மாதமாக அவளுக்குத் தீட்டு வரவில்லை என்று பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். எடை பார்த்தார். பின்னலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "நல்லா தேய்ச்சுதான் குளிக்கிறா டாக்டர்" என்றேன்.

"இது அழுக்கு இல்லம்மா. தேய்ச்சா போகாது. எடை கூடினதால உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யல, அதோட அடையாளம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவோடு மறுபடியும் போனோம். இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வெகு தூரத்திலும் இல்லை என்றார். சாப்பாட்டையும் நடையையும் இப்போதே மாற்றினால் தடுக்கலாமாம். தலையாட்டினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படித்தான் இருந்தது.

எழுந்தபோது டாக்டர், "நீங்க கொஞ்சம் திரும்புங்க" என்றார். கொண்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"உங்களுக்கும் இருக்கு. நீங்களும் டெஸ்ட் எடுத்துடுங்க."

திரும்பி வரும்போது ஷேர் வேனில் மகளிடம் கேட்டேன்.

"எனக்கும் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. அஞ்சாவது படிக்கும்போதே பாத்திருக்கேன்."

"அந்தத் தேய் தேய்ச்சேனேடி, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

வேலப்பன்சாவடியில் இரண்டு பேர் ஏறினார்கள். அவள் அவர்களுக்கு இடம் விட்டு என்னை ஒட்டி உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அழுக்குன்னு சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்லம்மா."