கம்பளத்துக்குப் பின்னால் இருந்த விரிசல்

இஸ்தராவ்ஷான் நகரில் பழைய மண்வீடு வைத்திருப்பவர்கள் சுவரில் கீறல் கண்டால் முதலில் கூப்பிடுவது சுரய்யோவைத்தான். முப்பது வருடமாகப் பூச்சு வேலை. வந்ததும் கரண்டியை எடுக்கமாட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வருவாள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் பூச்சு காய்ந்ததால் வந்தவை, அதற்குப் போய் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பாள். ஜன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஏறும் விரிசல் என்றால் முகம் மாறிவிடும். அதன் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு ஜிப்சம் அப்பி, தேதியைக் கீறி, ஒரு மாதம் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஜிப்சம் உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. உடையாவிட்டால் அடைத்துப் பூசலாம். அவசரக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவளுக்குச் சொந்த வீட்டிலேயே சோதனை வந்தது. மகன் ஷுஹ்ரத்துக்குப் பெண் பார்த்து எல்லாம் கூடிவந்திருந்தது. புதுத் தம்பதிக்கு ஒதுக்கிய அறையில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சாய்வு விரிசல். கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டியதுதான் காரணம். தகரக் குழாயைத் தள்ளி வைத்தாள், விரிசலின் உச்சியில் ஜிப்சம் அப்பினாள், தேதி போட்டாள். மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில், ஞாயிறன்று வீடு பார்க்க வருவதாகப் பெண் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். பிடித்துப்போனால் அவர்கள் வீட்டில் ரொட்டி பிட்டுச் சம்பந்தத்தை உறுதி செய்வார்கள்.

கணவர் நஜ்முத்தீன் சும்மா இருப்பாரா? அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பெரிய சிவப்புக் கம்பளத்தை அந்தச் சுவரில் மாட்டிவிட்டார்.

"அவங்க பொண்ணு குடுக்க வர்றாங்க, சுவர வாங்க வரல" என்றார், திரும்பி வந்தவளிடம்.

சுரய்யோ கம்பளத்தைக் கழற்றாமல் விட்டுவிட்டாள். சம்பந்தம் தட்டிப்போனால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஞாயிறன்று பெண்ணின் தாய் ஒய்னிசா வந்தாள். வழக்கப்படி அவளை அந்த அறையின் வாசலுக்கு எதிர்ச்சுவரோரம், மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைத்தார் நஜ்முத்தீன். கம்பளத்துக்கு நேர் கீழே. ஒய்னிசா திண்டில் சாய்ந்துகொண்டு, தனக்கு ஒரே மகள் என்றும், இதுவரை ஒரு இரவுகூட அவளைப் பிரிந்ததில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சுரய்யோ கெண்டியைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தி, கொஞ்சம் எந்திரிச்சு இப்பிடி வந்து உக்காருங்க" என்று வாசலோரத்தைக் காட்டினாள்.

விருந்தாளியை வாசலோரம் உட்காரச் சொல்வதைவிடப் பெரிய அவமரியாதை அங்கே கிடையாது. ஒய்னிசாவின் முகம் சுருங்கியது. சுரய்யோ முக்காலியில் ஏறிக் கம்பளத்தின் மூலையைக் கழற்றினாள்.

ஜிப்சம் இரண்டாகப் பிளந்திருந்தது. நடுவில் கம்பளத்து ஆணி.

"மண்ணுல ஆணி நிக்கல. அந்த வெள்ளையிலதான் கெட்டியா நின்னுச்சு" என்று முனகினார் நஜ்முத்தீன்.

சுவர் நகர்ந்து உடைந்ததா, ஆணி உடைத்ததா? முப்பது வருட அனுபவமும் அதற்குப் பதில் சொல்லவில்லை. சுரய்யோ நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், மறைக்க நினைத்ததையும் சேர்த்து.

"புதுசா வச்சு இன்னொரு மாசம் பாக்கணும். அதுவரைக்கும் உங்க பொண்ண இந்தச் சுவரோரம் படுக்க விடமாட்டேன்."

ஒய்னிசா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நஜ்முத்தீன் ஒரு வாரம் மனைவியோடு பேசவில்லை. மகன் எப்போதும்போலப் பேசினான். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. புது ஜிப்சத்தைத் தினமும் காலையில் போய்ப் பார்த்தாள்.

முப்பத்தோராம் நாள் ஒய்னிசா சொல்லாமல் வந்து நின்றாள். தேநீர் வேண்டாம் என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அந்த அறைக்குப் போய், முக்காலியில் ஏறி, ஜிப்சத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மயிரிழை அளவுகூடக் கீறல் இல்லை. இறங்கினாள். அதே சுவரோரம் உட்கார்ந்து முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுக்கு வந்துருங்க சம்பந்தி" என்றாள். "ரொட்டி பிட்டுக்கலாம்."