எடுக்காத கால்

எங்கள் பிக்கப் வண்டியைப் பற்றி ராயபுரத்தில் அந்தக் காலத்தில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, அது காயலான் கடைக்குப் போகவேண்டிய சரக்கு. இன்னொன்று, அதற்குள் செத்துப்போன என் அண்ணன் இருக்கிறான். முதல் பேச்சுக்கு நான் சண்டைக்கே போவேன். இரண்டாவதற்குப் போனதில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

லண்டனில் செய்து கப்பலில் வந்திறங்கிய வண்டி. யாரோ ஓட்டி ஓய்ந்த பிறகு அண்ணன் அதை வாங்கி, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, ரொட்டி, கயிறு என்று ஏற்றிக்கொண்டு போவான். மற்ற வண்டிகளைப் போல அதன் கிளச்சுக்குக் கம்பி கிடையாது, எண்ணெய்தான். பெடலை மிதித்தால் ஒரு சிலிண்டருக்குள் ரப்பர் கப் ஒன்று எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியே ஓடிப்போய்க் கிளச்சை விலக்கும். சிலிண்டரின் தலைமேல் மூடி போட்ட சின்ன டப்பா. அதில் எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அசல் எண்ணெய் மவுண்ட் ரோட்டில் யானை விலை, குதிரை விலை. அண்ணன் விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்து ஊற்றுவான். யுத்தத்தில் பட்டாளத்து லாரிகளே இதில்தான் ஓடின என்பான். எங்கள் வண்டியும் ஓடியது. மதுவிலக்கு நாட்கள் என்பதால் ஸ்பிரிட் வாங்கிக்கொண்டு வரும்போது போலீஸ்காரர் வாயை ஊதச் சொல்வார், அது ஒன்றுதான் தொல்லை.

கை பிரேக் செத்து வெகுநாளாகியிருந்தது. அதனால் ராத்திரி முதல் கியரில் போட்டு நிறுத்திவிடுவோம். பேட்டரியும் கிழடு. காலையில் ஒருவர் வண்டிக்கு முன்னால் நின்று கிராங்க் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். சுற்றுவதற்கு முன் கியரை எடுத்துவிட வேண்டும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எங்கள் வண்டியின் கியர் கம்பு காலைக் குளிரில் இன்ஜின் கிளம்பும்வரை அசைந்து கொடுக்காது. ஆகவே ஒருவர் உள்ளே ஏறிக் கிளச்சை மிதித்துக்கொள்வார், இன்னொருவர் சுற்றுவார். தெருவில் வண்டி வைத்திருந்த எல்லோரும் செய்த வேலைதான் இது.

அந்த மார்கழி விடியலில் உள்ளே உட்கார்ந்திருந்தவர் மாமா, என் அக்கா புருஷன். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்து மிதித்துக் கொடுத்துவிட்டுப் போவார். வண்டிக்கு முன்னால் அண்ணன். அவன் முதுகுக்குப் பின்னால் ரயில்வே காம்பவுண்டுச் சுவர். நான் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் சுற்றச் சுற்ற வண்டி இருமியதே தவிர பிடிக்கவில்லை.

"இன்னா மாப்ள, கிராங்கு இன்னிக்கு இம்மாங் கனமா கீது?" என்றான் அண்ணன்.

"நான் மெரிச்சிக்கினுதான் கீறேன். சுத்து மச்சான்" என்றார் மாமா.

அண்ணன் இன்னொரு சுற்று சுற்றினான். இன்ஜின் பிடித்தது. வண்டி சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. அதற்குமேல் எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை.

"நான் கால எடுக்கவே இல்ல." மாமா அன்று பேசியது இந்த ஒரு வாக்கியம்தான். போலீஸிடம் சொன்னார், மாதா கோயில் சாமியாரிடம் சொன்னார், அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. காலை எடுக்காமல் வண்டி எப்படிப் பாயும்? மத்தியானம் வந்த மெக்கானிக்கும் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு, கிளச்சு ஜோராக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கால எடுத்தவன் இனிமே என் வூட்ல கால வெக்கக்கூடாது."

அக்கா கைக்குழந்தையோடு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். மாமா ஹார்பர் வேலையை விட்டுவிட்டு எண்ணூர் உப்பளத்தில் கூலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். அண்ணன் கிராங்க் கனமாக இருக்கிறது என்றானே, அது சாவு வந்து கையைப் பிடித்ததைத்தான் சொன்னான் என்பாள் அம்மா. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைக் கேட்டு மார்பில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். எனக்கு மயிர்க்கூச்செறியும்.

வண்டி வெகுநாள் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. துக்கம் பார்த்தால் வயிறு கேட்குமா? கடைசியில் நான்தான் எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். காலையில் கிளச்சை மிதிக்க ஆள் இல்லாததால், ராத்திரி கியர் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துவேன். அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் பூசைக்குப் போய், பீடத்து விளக்கில் எரிந்து மிஞ்சிய எண்ணெயைச் சின்ன சீசாவில் வாங்கி வருவாள். காய்ச்சல் என்றால் நெற்றியில் தடவுவாள், கால் வீங்கினால் காலில் தடவுவாள். வண்டி வாங்கிய நாளிலிருந்து வண்டிக்கும் உண்டு. செவ்வாய்க்கிழமை ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கை வழுக்கும். நான் துணியால் துடைத்துக்கொண்டே முணுமுணுப்பேன்.

அடுத்த மார்கழி பிறந்தது. ஒரு விடிகாலை ஹார்பர் கேட்டில் வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு கைவண்டிக்காரர் எனக்கு முதுகைக் காட்டி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கேட் எப்போது வேண்டுமானாலும் திறக்கும் என்று முதல் கியரைப் போட்டுக் கிளச்சை மிதித்தபடி காத்திருந்தேன். வண்டி தானாக நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். என் கால் பெடலின் மேல், பெடல் அடித்தகட்டின் மேல். வண்டியோ அந்த முதுகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்ததில் இன்ஜின் நின்றது. கைவண்டிக்காரர் என் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். அது என் காதிலேயே விழவில்லை. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அதிலிருந்து காலைக் குளிரில் மட்டும் இந்தக் கூத்து. வெயில் ஏறினால் வண்டி பரம சாது. தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க எண்ணெயை ஓடவிட்டுக் காற்றை எடுத்தார். மறுநாள் காலை மறுபடியும் நகர்ந்தது. குழாயையே மாற்றினார். அப்போதும் நகர்ந்தது.

"பேஜாரா கீதே நைனா! எண்ணெ எங்கியும் ஒழுவல. ஆனா கிளச்சு நிக்கல" என்று தலையைச் சொறிந்த பாய், குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணன் கைப்பட ஓட்டுன வண்டி. தர்காவுல ஒரு தாயத்து மந்திரிச்சித் தரேன், கட்டிக்கோ. நம்ம கிட்ட ஸ்பேனர் தான் கீது."

நான் கட்டிக்கொண்டேன். கழுத்தில் சிலுவை, கையில் தாயத்து, ஸ்டீயரிங்கில் அந்தோணியார் எண்ணெய். இத்தனைக்குப் பிறகும் ஒரு காலை வண்டி நகர்ந்தது. அன்றைக்கு எனக்குப் பயத்தைவிட வேறொன்று மேலே வந்தது. நான் காலை எடுக்கவில்லை. எடுக்காமலேயே வண்டி நகர்கிறது. அப்படியானால் மாமா?

மறுநாள் விடியலில் சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கற்களை அண்டை கொடுத்தேன். இன்ஜினைக் கிளப்பி, கிளச்சை அடிவரை மிதித்து, முதல் கியரைப் போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வண்டி மெல்லக் கற்களின் மேல் சாய்ந்தது. பேய்க்குப் பயந்தவனாகவே இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். மாமாவின் முகம்தான் யோசிக்க வைத்தது. எண்ணெய் வெளியே ஒழுகவில்லை, டப்பாவிலும் குறையவில்லை. அப்படியென்றால் உள்ளுக்குள்ளேயே ரப்பரைத் தாண்டித் திரும்பி வருகிறது.

டப்பாவின் மூடியைக் கழற்றினேன். வாய் நிறைய வெள்ளையாக உறைந்திருந்தது.

விளக்கெண்ணெய் மெட்ராஸ் குளிருக்கு உறையாது. விரலால் தொட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். வெயில் நேரத்தில் எத்தனையோ தடவை அந்த மூடியைத் திறந்திருக்கிறேன். உருகிக் கிடக்கும்போது எல்லா எண்ணெயும் ஒன்றுதான். எண்ணெய் குறையாத நல்ல வண்டி என்று மெச்சிக்கொண்டும் இருந்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் தோண்டியபோது விரலில் கருப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. எரிந்த விளக்குத் திரியின் துணுக்கு.

அண்ணன் தினம் டப்பாவில் எண்ணெய் ஊற்றுவதை அம்மா பார்த்திருக்கிறாள். மகன் ஊற்றும் இடத்தில் அந்தோணியாரும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள்.

சிலிண்டரைப் பிரித்து ரப்பர் கப்பை எடுத்தேன். விளக்கெண்ணெய்க்கு ஒன்றும் ஆகாத ரப்பர், தேங்காய் எண்ணெயில் ஊறி உப்பி, ஓரம் பிய்ந்திருந்தது. குளிரில் உறைந்த கட்டி அந்த ஓரத்தில் சிக்கிக்கொண்டால் எண்ணெயைப் பிடித்து நிறுத்த முடியாது. வெயிலில் உருகிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கிராங்க் ஏன் கனத்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. மாமா மிதித்திருந்தபோதே கிளச்சு மெல்லத் திரும்பிப் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் இன்ஜினை மட்டுமல்ல, வண்டியையே சேர்த்துச் சுற்றியிருக்கிறான். நான் தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ரப்பரையும் திரியையும் காகிதத்தில் மடித்துக்கொண்டு ரயிலேறி எண்ணூருக்குப் போனேன். மாமா உப்பைக் குவித்துக்கொண்டிருந்தார். தாடியும் கருத்த உடம்புமாக, முதலில் அடையாளமே தெரியவில்லை. காகிதத்தைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரப்பரை முகர்ந்தார். திரியைப் பார்த்தார். வரப்பில் அப்படியே குந்திவிட்டார்.

"எனக்கே சந்தேகம் வந்திச்சிடா. தெரியாமக் கால எடுத்துட்டனோன்னு. ராவெல்லாம் இந்தக் கால்தான் துடிக்கும்" என்றார். பிறகு கேட்டார்: "அத்தைக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாத."

"அப்ப உன் மேல கீற பழி?"

"ரப்பர் பிஞ்சிப்போச்சின்னு மட்டும் சொல்லு. அவனக் கொன்னது நீதான்னு ஊரே என்னச் சொல்லிச்சி. அது இன்னா கனம்னு எனக்குத் தெரியும். பெத்தவளால அதத் தூக்க முடியாது." திரியை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டார்.

ரப்பரைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாசனை போன பிறகுதான் அம்மாவிடம் காட்டினேன். பிய்ந்த ஓரத்தை வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப அவரு கால எடுக்கலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுநாள் அவளே அக்காவைக் கூட்டிக்கொண்டு எண்ணூருக்குப் போனாள். உப்பளத்தில் எல்லோர் முன்னாலும் மருமகனின் காலில் விழப் போனாளாம். மாமா பிடித்துத் தூக்கிவிட்டாராம். அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்புச் சோறு சாப்பிட்டார். அக்கா பரிமாறினாள்.

சிலிண்டருக்குப் புது ரப்பர் போட்டாயிற்று. மாமாவும் ஹார்பர் வேலைக்குத் திரும்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை வந்தது. நானும் மாமாவும் வண்டியைக் கிளப்பும் நேரத்தில் அம்மா கோயிலிலிருந்து திரும்பி வந்தாள். கையில் எப்போதும் போலச் சின்ன சீசா இல்லை, பெரிய சீசா.

"உங்கண்ணனுக்கு நான் ஊத்துனது பத்தாமப் போச்சி. இனிமே நெறைய ஊத்துறேன். எங்க, அந்த மூடியத் தொற" என்றாள்.

மாமாதான் இறங்கி வந்தார்.

"குடுங்க அத்த, நான் ஊத்துறேன். உங்க கையெல்லாம் கரியாவும்."

இன்ஜின் மூடியைத் தூக்கி, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி ஊற்றித் தன் தலையில் தேய்த்துக்கொண்டார்.

"ஊத்திட்டீங்களா?"

"ஊத்திட்டேன் அத்த."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு திருப்தியாக உள்ளே போனாள். அவள் கண்மூடும்வரை செவ்வாய்க்கிழமைகளில் மாமாவின் தலை வழிய வழிய எண்ணெயாகத்தான் இருக்கும். ஹார்பரில் எல்லோரும் கேலி செய்வார்கள், அவர் சிரித்துக்கொள்வார். திரியின் கரி நெற்றியில் இறங்கினால் நான் துடைத்துவிடுவேன்.