மூணாம் நம்பர் டப்பா

அதைக் கேளு செல்வி, எங்க மாடியில குடியிருக்காரே, சிரிக்கவே சிரிக்காத நெட்டை மனுசன், சாப்பாடுகூட எங்க வீட்லதான். கம்ப்யூட்டர் வேலை. ஆளாளுக்கு மாவாட்டாம ஒருத்தரே ஆட்டிப் பாக்கெட் போட்டுக் குடுக்கற மாதிரி, ப்ரோக்ராமை ரெடி பண்ணி நம்பர் ஒட்டி டீமுக்கே அனுப்புவாராம். என் மூணு மசாலா டப்பாவுக்கும்கூட நம்பர் ஒட்டிட்டாரு! எழுத்துதான் எனக்குத் தெரியாது, அத்திப்பள்ளி பஸ் நம்பரெல்லாம் படிப்பேனே.

நேத்து, காரம் கம்மியான மொளகாத்தூள் வெக்கற மூணாம் நம்பர் டப்பால, நெருப்பா எரியற குண்டூர் மொளகாத்தூளைக் கொட்டிட்டு, எப்பவும் போல ரெண்டு கரண்டி போட்டுட்டேன். குழம்பைச் சாப்பிட்டவருக்குக் கண்ணுல தண்ணி.

"உள்ள இருக்கறதை மாத்தினா நம்பரையும் மாத்தணும் பாட்டி. நானும் பழைய நம்பர்லயே புதுசை அனுப்பிட்டேன். டீமுக்கே வேலை நின்னுபோச்சு."

"நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சா?"

"இல்ல. நாளைக்கு நானே சொல்லணும்."

"வேலை போயிடுமேப்பா!"

"போகலாம். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க."

இன்னிக்கு வந்தாரு. அதே மூஞ்சி, ஒண்ணும் தெரியல. நேரா அடுப்படிக்குப் போயி, மூணை உரிச்சிட்டு நாலு ஒட்டினாரு. "சொல்லிட்டேன். அடுத்த மாசமும் இங்கதான் சாப்பாடு"ன்னாரு, அவ்ளோதான். என்ன மனுசனோ! இரு, குழாய்ல தண்ணி வந்துடுச்சு, கொடத்தை வெச்சிட்டு வரேன்.